ஒரு பெட்டிக்கு இரண்டு வாசல்

“பேரு கூட வெக்காத ஃபோல்டரக் குப்பைன்னு நெனைக்காம வேற என்னன்னு நெனைக்கறது, நீயே சொல்லு.” நீயே சொல்லு என்று சொல்லிவிட்டுப் பதிலுக்கு நிற்கிற வழக்கம் வீட்டுக்காரர் சென்னியப்பனுக்குக் கல்யாணமான நாளிலிருந்தே கிடையாது. கேள்வியை ஹாலில் போட்டுவிட்டு, வண்டிச் சாவியைத் தேடி, அது சட்டைப் பையிலேயே இருக்கக் கண்டு, அதற்கும் சேர்த்து அம்சவேணியை ஒரு பார்வை பார்த்து, கோயில் கமிட்டிக் கூட்டத்துக்குக் கிளம்பிப் போயாயிற்று. வண்டிச் சத்தம் தெருமுனை திரும்பி வடவள்ளி மெயின் ரோட்டில் கரையும் வரை அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். பேர் வைக்கவில்லையாம். நியூ ஃபோல்டர் மூணு என்று கம்ப்யூட்டரே ஒரு பேர் வைத்திருந்ததே, அது பேர் இல்லையா. சமையலறையில் உப்பு டப்பாவில் உப்பு என்றா எழுதி ஒட்டியிருக்கிறது, சர்க்கரை என்று நினைத்து ஒரு நாளாவது காப்பியில் போட்டுக் குடித்தாரா, இல்லையே, திறந்து பார்த்துத்தானே போடுகிறார். திறந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அடுத்தவர் சாமானைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒரு தரம் திறந்து பார்க்க வேண்டும். இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அதற்கும் ஒன்று சொல்லியிருப்பார். இத்தனை வருஷமாக நூற்பாலையில் பர்ச்சேஸ் மேனேஜராக இருந்து பேரம் பேசியே பழகிய வாய், எதிராளி வாயைத் திறப்பதற்குள் விலையைப் பாதியாக்கிவிடும்.

அந்த ஃபோல்டருக்குள் இருந்தது அவள் குரல். பி.ஏ. வரலாறு, இரண்டு பாடம் முழுதாக, மூன்றாவதில் பாதி. கண் தெரியாத பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்துதர ஆள் தேடுகிறார்கள் என்று யோகா வகுப்பில் யாரோ சொல்ல, தாமரை என்கிற பெண்ணின் புத்தகங்கள் இவள் பங்குக்கு வந்தன. குன்னூர் கான்வென்டில் சிஸ்டர் பெர்ப்பெச்சுவா பல்லுக்கு நடுவே பென்சிலைக் கடிக்கக் கொடுத்து வாசிக்கச் சொல்லித் திருத்திய இங்கிலீஷ், கல்யாணத்துக்கு அப்புறம் மகளுடைய ஸ்கூல் டைரியில் ‘ஷி ஹேட் ஃபீவர்’ என்று எழுதுவதற்குத் தவிர வேறெதற்கும் பயன்படாமல் கிடந்த இங்கிலீஷ், திடீரென்று ஒருத்திக்கு வேண்டியிருந்தது. படுக்கையறைக் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, எதிரொலி அடிக்காமலிருக்கப் பீரோவின் இரண்டு கதவையும் விரியத் திறந்து, தொங்குகிற புடவைகளைப் பார்த்து உட்கார்ந்து, ஜாக்கெட் முதுகோடு ஒட்ட ஒட்ட வாசித்தாள். வாசித்ததோடு விட்டாளா. குக்கர் விசில், கீரை வண்டிக்காரரின் ஒலிபெருக்கி, அடுத்த அறையில் சென்னியப்பன் தொண்டையைச் செருமுவது, எல்லாவற்றையும் ஹெட்போனில் கேட்டுக் கேட்டுத் தேடிப் பிடித்து வெட்டி எடுத்தாள். வெட்டி எடுத்த செருமல்களை மட்டும் ஒட்டவைத்தால் அதுவே தனிப் பாடமாக வரும். மொத்தமாக முடித்து ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று அரைகுறையாக எதையும் அனுப்பாமல் வைத்திருந்தாள். அதுதான் தப்பு. தாமரை ஒரு தரம் மாதிரிக்குக் கொஞ்சம் கேட்டுவிட்டுப் போனில் சிரித்தாள். “நான் ஒன்னரை மடங்கு வேகத்துல வெச்சுத்தானுங்கம்மா கேப்பேன். உங்க கொரல் எவ்வளவு வேகமா ஓடுனாலும் ஒடையறதில்லீங்க.” முதலில் சுருக்கென்றது, நிறுத்தி நிதானமாக வாசித்ததை இந்தப் பெண் குதிரையில் ஏற்றி ஓட்டுகிறாளே என்று. அப்புறம் அன்றைக்கு முழுக்க அந்த வாக்கியம் இடுப்புச் சாவிக்கொத்து மாதிரி கூடவே வந்தது. ஒடையறதில்லீங்க. பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை. நேற்றும் கூப்பிட்டிருந்தாள், அம்சவேணி போனை எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது, எங்க வீட்டுக்காரருக்குக் கோயில் வீடியோ வைக்க இடம் பத்தலை கண்ணு, அதனால உன் பாடத்தைக் கொட்டிட்டாரு என்றா. பாலாலயப் பூஜை வீடியோ, யாரோ மச்சான் முறைக்காரர் செல்போனைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி எடுத்தது, முக்கால்வாசி ஆட்களின் முதுகு. அதற்காக நாலு நாளைக்கு முன்னால் இவள் ஃபோல்டரை ஷிஃப்டை அழுத்திக்கொண்டு டிலீட். குப்பைக்கூடைக்குக்கூடப் போகாமல் நேரே காணாமல் போகிற அந்த ஒரு வித்தையை மட்டும் ஆபீசில் யாரோ கற்றுக்கொடுத்திருந்தார்கள். மகள் நிவேதா பெங்களூரிலிருந்தே ஒரு ராத்திரி முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், அதுக்கு மேலயே அப்பா வீடியோவ எழுதிட்டாரும்மா, இனிக் கெடைக்காது.

அந்த லேப்டாப் யாருடையது என்று யாராவது கேட்டார்களா. நிவேதா காலேஜில் வைத்திருந்தது. வேலைக்குப் போய்ப் புதிது வந்ததும் வீட்டுக்கு என்று விட்டுவிட்டுப் போனாள். வீட்டுக்கு என்றால் வீட்டில் இரண்டு பேர். ரிட்டயரான மறு வாரமே அது ‘என் சிஸ்டம்’ ஆகிவிட்டது. பேட்டரி செத்துப்போய் எந்நேரமும் வயரோடு சுவரில் தொங்குகிற, விசிறி இரைகிற, ஓர் எழுத்துக் கட்டை பெயர்ந்துபோன அந்தச் சனியன், என் சிஸ்டம். சண்டையைக் கேட்டு அலுத்துப்போய் நிவேதாதான் வழி சொன்னாள். அதே பெட்டியில் இன்னொரு சிஸ்டம் போட்டுக்கம்மா, அப்பாவுக்கு விண்டோஸ், உனக்கு உபுண்டு, ஆன் பண்ணும்போது எது வேணும்னு கேக்கும், அவர் பக்கம் அவருக்கு, உன் பக்கம் உனக்கு. இரண்டு நாளாக வீடியோ பார்த்துப் பார்த்து, அதில் பேசுகிற ஆள் ஃபிரண்ட்ஸ் ஃபிரண்ட்ஸ் என்று வழிவதைப் பல்லைக் கடித்துப் பொறுத்து, பென் டிரைவைத் தயார் செய்தாயிற்று. வேகமாகத் திறப்பதற்கென்று விண்டோஸில் இருக்கும் ஏதோ ஒன்றை நிறுத்தச் சொன்னாள் நிவேதா, அதையும் நேற்றே நிறுத்தியாயிற்று. இப்போது டைனிங் டேபிளில் உட்கார்ந்து, பென் டிரைவைச் செருகி, பட்டனை அழுத்திவிட்டு, மேல் வரிசைக் கட்டையைக் கோழி கொத்துகிற மாதிரி டொக் டொக்கென்று தட்டினாள். முதல் தடவை தவறிப்போய் சென்னியப்பனின் கோபுரப் படத்தோடு விண்டோஸே வந்து நின்றது, வாசலில் வழிமறித்து என்ன என்று கேட்கிற மாதிரி. அணைத்து மறுபடி. இந்த முறை கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அப்புறம் ஒரு புது நிறம். முன்பின் தெரியாத வீட்டில் விளக்குப் போட்டது போல இருந்தது. மொழி கேட்டது, கீபோர்டு கேட்டது, எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று போய்க்கொண்டே இருந்தவள் ஓர் இடத்தில் நின்றாள்.

இரண்டு வட்டம். முதலாவது, இருப்பதை அப்படியே விட்டு அதன் பக்கத்தில் இதை நிறுவு. இரண்டாவது, டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு இதை நிறுவு. இரண்டாவதின் கீழே சின்ன எழுத்தில் ஒரு எச்சரிக்கை, உங்கள் புகைப்படங்கள், ஆவணங்கள், எல்லாம் போய்விடும் என்று. இதைப் பற்றித்தான் நிவேதா மூன்று தரம் சொல்லியிருந்தாள், பக்கத்துலங்கறதத்தான் தொடணும், இன்னொண்ணத் தொட்டுடாதம்மா, அப்பாவுக்கு நெஞ்சே வெடிச்சுரும். நெஞ்சு வெடிக்கிற அளவுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது அம்சவேணிக்குத் தெரியாதா. கும்பாபிஷேக மலர். குலதெய்வக் கோயிலுக்குக் குடமுழுக்கு, அதற்கு மலர், மலருக்குப் பதிப்பாசிரியர் சென்னியப்பன். எந்தக் காலத்தில் எந்த ஊரிலிருந்து எந்தக் குடும்பம் எங்கே பெயர்ந்தது, யார் கொடிமரம் கொடுத்தது, யார் மணி கொடுத்தது, எல்லாம். இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஈரோட்டு அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும், அதற்குத்தான் கடைசியாக ஒரு கூட்டம், அதற்குத்தான் அப்படிப் பறந்து போனது. இன்னொரு காப்பி எடுத்து எங்கேயாவது வைத்திருக்கிறாரா என்றால் இல்லை, அடுத்தவர் ஃபோல்டரை அழிக்கிறவருக்குத் தன்னுடையது அழியும் என்று தோன்றாது. அம்பு இரண்டாவது வட்டத்தின் மேல் போய் உட்கார்ந்தது. அவள் கொண்டுபோகவில்லை, அதுவாகப் போனது என்றுகூடச் சொல்லலாம். ஒரு சொடுக்கு. வந்து கேட்டால் சொல்லலாம், எனக்கு இங்கிலீஷ் தெரியும்னு நெனச்சேனுங்க, புரியலீங்க. அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். டேபிள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, சத்தம் வராமல். தாமரைக்கு எந்தச் சத்தம் கிடைக்காமல் போனதோ அந்தச் சத்தம் வராமல். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி மவுஸைப் பிடித்தாள். அப்போதுதான் இந்த எண்ணத்தில் ஒரு நூல் சிக்கியது. அந்த மலரை அடித்தது யார். சென்னியப்பனுக்கு ஒற்றை விரல், அதுவும் ‘ஞ’ எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் ஒரு தலைமுறை செத்துப்போகும். அவர் ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே சொல்லச் சொல்ல, மாவரைத்த கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து அடித்தவள் இவள். நன்றியுரையும் இவள்தான் அடித்தாள். பொருளுதவி செய்தவர்களுக்கு நன்றி, புகைப்படக்காரருக்கு நன்றி, கூட்டங்களுக்குத் தேநீர் கொடுத்துதவிய பேக்கரிக்காரருக்கு நன்றி. ம், அப்புறம், என்றாள். அப்பறம் என்ன, அவ்வளவுதான், முற்றுப்புள்ளி வெச்சுரு, என்றார். வைத்தாள்.

அந்த முற்றுப்புள்ளியை நினைத்ததும் அம்பு மறுபடி இரண்டாவது வட்டத்துக்குப் போனது. போனது, நின்றது. அழித்தால் என்ன ஆகும் என்று பார்த்தாள். ஒரு நிமிஷம் அந்த முகம். அதற்கப்புறம்? அதற்கப்புறம் அந்த முகத்துக்குத் துக்கம் கேட்க ஆட்கள் வருவார்கள். கமிட்டிக்காரர்கள் வருவார்கள், பங்காளிகள் வருவார்கள், அவருடைய தங்கச்சி அவிநாசியிலிருந்து ஒரு பை நிறையப் பழத்தோடு வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து இவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசுவாள். எத்தனை பாடுபட்டீங்கண்ணா. பொம்பள கையில குடுத்தா இப்படித்தான். பரிதாபமெல்லாம் அவர் பக்கம் போய்ச் சேர்ந்துவிடும், இவள் பாடம் போனதைப் பற்றி ஒருத்தரும் பேசமாட்டார்கள். நிவேதாகூட, என்னம்மா இது, என்பாள். இழந்தவனுக்கு நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள், அது எவ்வளவு சௌகரியமான நாற்காலி என்று இந்த நாலு நாளில் அதில் உட்காரவே விடாமல் நிற்க வைக்கப்பட்ட இவளுக்குத் தெரியும். அதை எதற்கு அவருக்குக் கொடுப்பது. வேண்டாம். முதல் வட்டத்தைச் சொடுக்கினாள், பக்கத்தில் நிறுவு. நல்ல மனசினால் அல்ல. அது அவளுக்கே தெளிவாகத் தெரிந்தது, தெரிந்ததில் ஒரு திருப்தியும் இருந்தது.

அடுத்ததாக ஒரு நீளமான பட்டை வந்தது, இடது பக்கம் அவருடையது, வலது பக்கம் இவளுடையது, நடுவே ஒரு கோடு, இழுத்து வைத்துக்கொள்ளலாமாம். பாகப்பிரிவினை. இவள் அண்ணன்கள் இவளிடம் கையெழுத்து வாங்க வந்தபோது ஒரு கிலோ மைசூர்பாகும் ஒரு புடவையும் கொண்டுவந்தார்கள், நடுக்கோட்டை எங்கே போடலாம் என்று யாரும் இவளைக் கேட்கவில்லை. இப்போது ஒரு இயந்திரம் கேட்கிறது. இழுத்தாள். பாதி. பாதியைத் தாண்டி இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். ஓர் இடத்துக்கு மேல் கோடு நகர மறுத்துவிட்டது, அவர் சாமான் அந்த அளவுக்கு அடைத்துக்கொண்டிருக்கிறது, முதுகுகளின் வீடியோ. முட்டிய இடத்திலேயே விட்டாள். அப்புறம் பேர் கேட்டது. அம்சவேணி என்று அடித்துவிட்டு, கணினியின் பேர் என்ன என்ற கட்டத்தில் அதுவாகவே அம்சவேணியுடைய லேப்டாப் என்று போட்டுக்கொண்டதைப் பார்த்து மூக்கால் சிரித்தாள். கடவுச்சொல் கேட்டது. மனசில் முதலில் வந்தது சிஸ்டர் பெர்ப்பெச்சுவா அவளைக் கூப்பிடுகிற பேர், இந்த வீட்டில் யாருக்கும் தெரியாதது, அதையே வைத்தாள். பலமானது என்று பச்சை எழுத்தில் பாராட்டு வந்தது. பட்டை நகர ஆரம்பித்தது, மெதுவாக, கோப்புகள் நகலாகின்றன, கோப்புகள் நகலாகின்றன. அப்போது மின்விசிறி ஒரு சுற்றுத் தயங்கியது. கரண்ட். பேட்டரி செத்த பெட்டி. இப்போது போனால் இரண்டு பக்கமும் போகும், அவர் மலரும் போகும், இவள் வாசலும் போகும், அழிக்கவே இல்லை என்று சத்தியம் செய்தாலும் எந்தக் கழுதை நம்பும். பக்கத்துத் தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் வேலை என்று காலையில் பால்காரர் ஏதோ சொன்னாரே, இன்றைக்கா நாளைக்கா. வயரைத் தொடக்கூடப் பயந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். குலதெய்வத்தை வேண்டிக்கொள்ளலாமா என்று நினைத்து, வேண்டாம், அது அவர் கட்சி, என்று விட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் கான்வென்ட் ஜெபமான ஹெயில் மேரியைப் பாதி வரை முணுமுணுத்தாள். மீதி மறந்துபோயிருந்தது. பட்டை கோடியைத் தொட்டது. பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு என்டரைத் தட்டச் சொன்னது. தட்டினாள். கறுப்புத் திரையில் இரண்டு வரி, மேலே இவளுடையது, கீழே அவருடையது, எது வேண்டும் என்று கேட்டுக்கொண்டு.

தன் வீட்டுக்குள் போனாள். காலி. ஒரு துரும்பில்லை. புதுச் சுண்ணாம்பு அடித்த அறைக்குள் செருப்பில்லாமல் நடப்பது போல ஒவ்வொன்றாகத் திறந்து திறந்து மூடினாள். பிறகு இடது ஓரத்தில் ஒரு சின்னப் படம் இருந்தது, ஒரு டிஸ்க்கின் படம், அதைச் சொடுக்கியதும் அவருடைய எல்லாம் வந்து விழுந்தது. மலர், முதுகுகள், பென்ஷன் பேப்பர், ஸ்கேன் செய்த ரத்தப் பரிசோதனை, யாரோ அனுப்பிய குட் மார்னிங் ரோஜாக்கள் நூற்றுக்கணக்கில். இதை நிவேதா சொல்லவில்லை. உடனே போன் போட்டாள். அப்பாது எல்லாம் எனக்குத் தெரியுதே கண்ணு, என்னுது அவருக்குத் தெரியுமா. தெரியாதும்மா, என்றாள் நிவேதா கவனமில்லாமல், யாரோடோ மீட்டிங்கில் இருந்தாள், உபுண்டுல இருந்து விண்டோஸப் பாக்கலாம், விண்டோஸ்ல இருந்து உன் பக்கம் கண்ணுக்கே தெரியாது, அப்பாவுக்கு அப்படி ஒரு எடம் இருக்கறதே தெரியாது, வெச்சுரட்டுமா. வெச்சுரு. அம்சவேணி போனைக் கவிழ்த்து வைத்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் எந்தச் சுவர் இருந்ததோ அதே சுவர்தான், அவர் இந்தப் பக்கம் பார்ப்பார், இவளுக்கு அந்தப் பக்கம் தெரியாது, எந்த பேங்கில் எவ்வளவு, யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறார், தங்கச்சி வீட்டில் என்ன பேசினார்கள், ஒன்றும் தெரியாது. இன்றைக்கு இந்தப் பெட்டி அந்தச் சுவரைத் திருப்பி வைத்திருக்கிறது. அவளுக்குக் காரியத்தை யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. மலர் என்ற ஃபோல்டரைப் பிடித்து, அங்கிருந்து எடுத்து, தன் பக்கத்தில் வைத்தாள். காப்பி அல்ல, கட். அழிக்கவில்லை, ஒரு எழுத்துக்கூட நலுங்கவில்லை, முற்றுப்புள்ளி உட்பட பத்திரமாக இருக்கிறது. அணைத்துவிட்டு, இரண்டாவது வரியைத் தேர்ந்தெடுத்து, அவருடைய கோபுரம் தெரிகிற மாதிரி திறந்து வைத்துவிட்டு எழுந்தாள். ஊறவைத்த அரிசி சமையலறையில் காத்திருந்தது.

சென்னியப்பன் வந்தபோது கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் நன்றாக நடந்திருக்க வேண்டும், செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே தெரிந்தது. காப்பி கேட்கவில்லை, நேரே டேபிளுக்குப் போனார். அம்சவேணி ஓடுகிற கல்லின் ஓரத்தில் ஒட்டிய மாவைக் கையால் தள்ளி விட்டுக்கொண்டே காதை மட்டும் ஹாலில் வைத்திருந்தாள். ஒரு சொடுக்கு. இன்னொன்று. பிறகு நிறையச் சொடுக்கு, வேகமாக, அடுக்களை அலமாரியில் எலி ஓடுகிற மாதிரி. நாற்காலி பின்னால் நகர்ந்தது. தொண்டையைச் செருமினார். அவர் போன் அடித்தது, அச்சகக்காரர்தான், அஞ்சு நிமிஷமுங்க, இதோ அனுப்பிட்டேனுங்க, என்கிற குரல் இதுவரை இந்த வீட்டில் கேட்டிராத சைஸில் இருந்தது. மறுபடி சொடுக்கு. அப்புறம் அவர் சமையலறை நிலைப்படியில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை. மலரைக் காணோம், என்றார். அவள் திரும்பவில்லை. இப்படி நிற்கிற ஆளைப் பார்க்க வேண்டும் என்றுதானே மத்தியானம் முழுக்க, இப்போது திரும்பினால் பார்க்கலாம், ஏனோ கழுத்து திரும்பவில்லை. நீ எதாச்சும் பண்ணுனியா, என்றார்.

“எங்கிட்ட இருக்குது,” என்றாள்.

அவர் மூச்சு விட்டது கிரைண்டர் சத்தத்தையும் மீறிக் கேட்டது. இருக்குதா, சரி, இருக்குதல்ல, என்று தனக்குள் சொல்லிக்கொண்டார், நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார் போலிருந்தது. குடு, என்றார். அவள் மாவைத் தள்ளினாள். அந்த மனுஷன் கொஞ்ச நேரம் பொறுத்தார், அதுவும் புதிது. சரி, தெரியாமப் பண்ணிட்டேன், வுடு, என்றார். தெரியாமல்தான், திறக்காமல்தான், ஆனால் அது யாருக்குச் சொன்ன வார்த்தை, மலருக்குச் சொன்னது, மலர் இப்போதே கையில் கிடைத்துவிட்டால் திரும்ப எடுத்துக்கொண்டுபோய்விடக்கூடிய வார்த்தை. வேறென்ன சொன்னால் கொடுக்கலாம் என்று அவள் தேடிப் பார்த்தாள். மன்னிச்சுக்க என்றால்? நன்றியுரையில் ஒரு வரி சேர்த்துக்கிறேன் என்றால்? அந்த லேப்டாப்பே உனக்கு என்றால்? ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வைத்தாள், எதற்குள்ளும் தாமரையின் பாடம் இல்லை. மத்தியானம் முழுக்கச் சுவரைத் திருப்பி, சாமானைத் தூக்கி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவள், விலை என்ன என்பதை மட்டும் போட்டு வைக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, தேடினாலும் கிடைக்காது என்பதும். ஹாலில் போன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. அவர் அதை எடுக்கப் போகவில்லை. அவரே உள்ளே வந்து கிரைண்டரின் பட்டனை அணைத்தார், கல் இன்னும் ரெண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

“என்ன பண்ணுனாக் குடுப்ப, அதையாச்சும் சொல்லு வேணி.”